முட்டைக்கு முளைத்த வால்

வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சேட்டைக்காக வைத்த பெயர். ஆனால் அவள் வரையும் எழுத்துகளைப் பார்த்தால், பெயர்ப் பொருத்தம் பிரமாதம் என்பீர்கள். அவளுடைய க வாலை ஆட்டும். ச வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும்.

அம்மா சந்துக்குள் முட்டைக் கடை திறந்தாள். சந்து முனையில் மாட்டும் பலகையில் வாலுதான் 'முட்டை' என்ற ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக வரைந்தாள்.

மறுநாள் காலையில் தோளில் சாக்கோடு ஒருவர் வந்தார். "எங்கம்மா இறக்கணும்?"

"எதை?" என்றாள் அம்மா.

"மூட்டையைத்தான். வெளிய பலகை மாட்டியிருக்கீங்களே."

அடுத்து வந்தவர், மூட்டை தூக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டார். முட்டை கேட்டு ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

அண்ணன் ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மு-வோட முடிவுல எதுக்குடி வாலைச் சுழிச்ச? மு போய் மூ ஆயிடுச்சு."

அம்மா சிரிக்கவில்லை. "வெயில் கொளுத்துது. விக்கலைன்னா அத்தனையும் அழுகிடும். கம்ப்யூட்டர் எழுத்துல ஒரு போர்டு அடிச்சிட்டு வாடா."

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கினாள். "தப்பு பண்ணது நான். நானே சரி பண்றேம்மா."

"அண்ணன் வர்றதுக்குள்ள முடி, பார்க்கலாம்."

முக்காலியையும் பெயின்டையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். சுழியை அழித்தாள். முட்டை சரியாகிவிட்டது. ஆனால் மொட்டையாக நின்றது. இதைத்தானே அண்ணனும் அடித்துக்கொண்டு வருவான்? அவள் விடுவதாக இல்லை.

டை-யில் வால் வைக்கலாமா? வேண்டாம், ஒரு தடவை பட்டது போதும். அப்போதுதான் ட்-இன் தலையில் இருந்த புள்ளியைப் பார்த்தாள். புள்ளி இல்லாவிட்டால்தான் வம்பு. அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எந்த டீச்சரும் சொன்னதில்லையே.

அந்தப் புள்ளியைக் கொழுகொழுவென்று ஒரு முட்டையாக்கினாள். அதில் ஒரு விரிசல் போட்டாள். விரிசலில் ஒரு குஞ்சின் மூக்கு எட்டிப் பார்த்தது.

பெயின்ட் காய்வதற்குள் சாக்குக்காரர் திரும்பி வந்தார். "அட, முட்டைக் கடையா? காலையிலயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க மூட்டையைப் பத்தித்தானே கேட்டீங்க?" என்றாள் வாலு.

அவர் சிரித்துக்கொண்டே சந்துக்குள் போனார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள்.

அண்ணன் புதுப் பலகையோடு வந்தபோது கடையில் கூட்டம். அவன் சந்து முனைப் பலகையைப் பார்த்தான். தன் கையில் இருந்ததையும் பார்த்தான். "சரி விடு. இது எனக்குப் பரீட்சை அட்டைக்கு ஆச்சு," என்று அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

எதிர்க்கடைத் தையல்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கடைக்கும் 'தையல்'னு ஒண்ணு எழுதிக் குடேன். வால் மட்டும் வேண்டாம் தாயே."

வாலு மனசுக்குள் அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தாள். ல்-இன் தலையில் ஒரு புள்ளி.

"வால் கிடையாது மாமா," என்றாள். "உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய பொத்தானை எடுத்துக் காட்டுங்க."