வேறொருவர் திருத்துகிறார்

மூன்றாவது தெரு டீச்சரம்மாவின் பதிவைத் திறந்தபோதுதான் அந்த வரி வந்தது: ‘இதை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.’

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆபீஸ் விடுமுறை, வெளியே காலையிலிருந்து விடாமல் மழை. ஈரச் சுவரின் வாடையும் பக்கத்து அறையிலிருந்து வரும் தைல நெடியும் கலந்து மூக்கை அடைத்தன. வீடுவீடாக நர்ஸ்களை அனுப்பும் சின்ன ஆபீஸுக்கு அவள் மேற்பார்வையாளர். நோயாளிகளின் விவரமெல்லாம் அங்கிருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான். கணவர் விபத்தில் இடுப்பு முறிந்து படுத்ததும் அவரையும் அதில் பதிந்துகொண்டாள்; வீட்டிலிருந்தே அதைத் திறக்க கம்ப்யூட்டர்காரர் நேற்று வழி செய்து கொடுத்தார். அவளுக்கும் குமாஸ்தாப் பெண்ணுக்கும் மட்டும்.

குமாஸ்தாவைக் கூப்பிட்டாள்.

“நானா? நான் இன்னும் உள்ளயே போகலையேக்கா.”

திரையில் ‘சேவை முடிந்த நாள்’ என்ற கட்டம் தானாக நிரம்பியது. இன்றைய தேதி, நேரம் மூன்று பத்து.

மூன்று பன்னிரண்டுக்கு போன் அடித்தது. டீச்சரம்மா வீட்டு நர்ஸ், அழுகையை விழுங்கிக்கொண்டு: “மேடம், இப்பதான்... பேசிட்டே இருந்தாங்க.”

அடுத்த வரி இன்னொரு நோயாளி, ஓய்வுபெற்ற தபால்காரருடையது. அதே கட்டத்தில் மூன்று இருபது என்று விழுந்தது. அவள் அழிக்கப் பார்த்தாள். ‘வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்றது. மறுபடி அழுத்தினாள். அசையவில்லை. மூன்று இருபத்தொன்றுக்கு அந்த வீட்டிலிருந்தும் போன்.

கம்ப்யூட்டர்காரர் ஆபீஸுக்கு அடுத்த வீடு. போனில் விஷயத்தைக் கேட்டதும் குடையோடு ஓடினார்.

“பூட்டு அப்படியே தொங்குதும்மா. சாவி உங்ககிட்டதானே?”

“என் பையிலதான் இருக்கு.”

“ஆனா உள்ள தட்டற சத்தம் கேக்குது.” மூச்சு வாங்கியது அவருக்கு. “இருங்க, மெயினையே அணைச்சிடறேன்.” ஏதோ டக்கென்றது. “அணைச்சிட்டேன். உங்களுக்கும் கட் ஆகியிருக்குமே?”

ஆகவில்லை. திரை பளிச்சென்று அப்படியே இருந்தது. கீழ் மூலையில், உள்ளே இருப்பவர்கள் எங்கிருந்து என்ற பட்டியல்: அவளுடைய ‘வீடு’, பிறகு ‘ஆபீஸ்’. அந்த வேறொருவர் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலக் கோடு ஒரு வரி கீழே இறங்கியது.

அடுத்த பதிவு அவள் கணவருடையது.

யோசிக்க நேரமில்லை. பாய்ந்து அதைத் திறந்து, குறிப்புக் கட்டத்தில் ஒரு எழுத்தை அடித்தாள். ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் தொட முடியாது என்று கம்ப்யூட்டர்காரர் சொல்லியிருந்தார். நீலக் கோடு வந்து முட்டியது. நின்றது.

அவள் ஒரு எழுத்தை அடித்தாள். அழித்தாள். அடித்தாள். விரல் எடுத்தால் போச்சு. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். வியர்வை கண்ணில் இறங்கியது.

“ஏய், கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்.” பக்கத்து அறையிலிருந்து கணவர்.

“இதோ... ஒரு நிமிஷங்க.”

“தொண்டை வறண்டு போச்சுடி.”

“வரேன்! அசையாம படுத்திருங்க!” குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

அடித்தாள். அழித்தாள்.

நீலக் கோடு மறைந்தது. பட்டியலில் ‘ஆபீஸ்’ இல்லை. ‘வீடு’ மட்டும். போனில் கம்ப்யூட்டர்காரர் கிசுகிசுத்தார்: “சத்தம் நின்னுடுச்சும்மா. போயிட்டாங்கபோல.”

அடக்கி வைத்திருந்த மூச்சு அவளிடமிருந்து பெரிதாக வெளியேறியது. விரல் மட்டும் நிற்கவில்லை.

பட்டியலில் இன்னொரு வரி முளைத்தது.

‘வீடு’.

‘வீடு’.

வாசல் கதவைப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி.

பக்கத்து அறையில் தம்ளரில் தண்ணீர் விழும் சத்தம். நிதானமாக. விளிம்புவரை. பிறகு மடக்மடக்கென்று கணவர் குடிக்கும் சத்தம்.



“போதும்,” என்றார் கணவர், வந்த விருந்தாளியிடம் பேசுவதைப்போல. “நின்னுட்டே இருக்கீங்களே. இப்படிப் பக்கத்துல உக்காருங்க.”