கோடைக்குத் தப்பிய பனிக்கட்டி

நவம்பர் 21, வெள்ளி.

போன வாரப் பனித் தடிமன் கணக்கில் ஒரு சிறிய தவறு செய்திருக்கிறேன். உறைந்த விரிகுடாவைக் கடக்கும் வண்டித் தடத்தில், வழிகாட்ட நட்ட கம்புகளில் கடைசிக்கு முந்தையதன் அருகே துளையிட்டபோது டிரில் திணறித் திணறி முழுதும் இறங்கியும் தண்ணீர் வரவில்லை. 'முனை மழுங்கிவிட்டது' என்று எழுதிவிட்டு வந்தேன். முனை மழுங்கவில்லை. அன்று மற்ற எல்லாத் துளைகளிலும் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி உப்புத்தண்ணீரைக் கக்கியது. அதே கம்புக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு மேடு இருந்தது. டீ போட நல்ல பனிக்கட்டி என்று அதிலிருந்து ஒரு சாக்கு வெட்டி எடுத்துக்கொண்டும் வந்தேன். துளையையும் மேட்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொன்னதிலிருந்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பழகிவருகிறேன். இன்று வகுப்புக்குப் போகவில்லை. வரிசை தவறாமல் எழுத முடிகிறதா என்று தெரியவில்லை.

காலையில் வேட்டைக்காரர் சங்கத்தில் ஜேபிட்டி மாமா என் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா உலாயு, முனை மழுங்கிப்போச்சுன்னா மிச்ச ஓட்டையெல்லாம் பல்லால கடிச்சா போட்ட?"

"எனக்கும் புரியல மாமா."

"அது பழைய ஐஸு. கோடையில உருகாமத் தப்பிச்சு, ஊரெல்லாம் சுத்திட்டு, இப்பப் புது ஐஸுல சிக்கி நிக்குது. போய் சுத்தளவு பாத்துட்டு வா. ஓரத்துல வெடிப்பு விட்டிருந்தா நம்ம பசங்க வண்டியோட உள்ள போயிடுவாங்க."

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஜூனில், பனி உடையும் நாட்களில், என் அண்ணன் அமரூக் நின்ற பனிப்பாளம் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. முதல் நாள், ஊரில் எல்லோரும் பேசிக்கொள்ளும் ரேடியோவில் பேசினான். "இது அமரூக். எனக்கு ஓசியில படகு கிடைச்சிருக்கு, துடுப்புதான் இல்ல. அம்மாவ அழ வேண்டாம்னு சொல்லு." மறுநாள் மூடுபனி. அதன் பிறகு குரல் இல்லை. விமானம் தேடியது. பிறகு தேடுவதை நிறுத்தினார்கள்.

அந்த வாரமே பிட்சியூலா அண்ணிக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. நர்ஸ் முதுகைத் தட்டினாள், குழாய் வைத்து உறிஞ்சினாள். உதடு நீலமாகிக்கொண்டே போனது. அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய், அந்தச் சிறிய காதில் "அமரூக்" என்றாள். குழந்தை அழுதது.

எங்கள் வழக்கப்படி, இறந்தவர் பெயரைப் பிறந்தவருக்கு வைத்தால் உறவும் கூடவே போய்ச் சேரும். அன்றிலிருந்து அம்மா அவனை "மகனே" என்கிறாள். நான் "அண்ணா" என்கிறேன். அண்ணிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தவள்: "என் வீட்டுக்காரரப் பாரு, இப்பவும் வீட்டு வேலை ஒண்ணும் செய்யறதில்ல, படுத்துக்கிட்டே சோறு கேக்குறாரு." அவள் அப்படிச் சிரித்த அன்றுதான் நாங்கள் மூவரும் மறுபடி சேர்ந்து சாப்பிட்டோம்.

போன வாரம் நான் கொண்டுவந்த பனிக்கட்டியை அம்மா கெட்டிலில் போட்டபோது அது நெடுநேரம் சடசடவென்று வெடித்தது. டீயைக் குடித்துவிட்டு, "இது தண்ணி. குழாயில வர்றது மருந்து" என்றாள். ஆறிய நீரில் அண்ணி ஒரு ஸ்பூன் குழந்தைக்கும் கொடுத்தாள். அவன் ஸ்பூனை விடவில்லை. அன்றிலிருந்து பாலைத் துப்பிவிட்டு அந்தத் தண்ணீரையே கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் உதடு வெடித்திருந்தது. எடை ஏறவில்லை.

அன்றிரவே சமையலறை ரேடியோவில் அது தொடங்கியது. பொத்தானை அழுத்தும் ஒரு கிளிக், காற்று ஊதும் சத்தம், பிறகு ஓர் ஆண் குரல்: "இது…"

அவ்வளவுதான். எங்கள் ஊரில் ரேடியோவில் பேசுபவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வரவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடியும் "இது…" ஜேபிட்டி மாமா குறுக்கே வந்து கத்தினார்: "எவன்டா அது? பேரச் சொல்லத் துப்பில்லாதவனுக்கு ரேடியோ எதுக்கு?" ஊரே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

சூரியன் இந்த மாதம் வருவதில்லை. மதியத்தை ஒட்டித் தெற்கே கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் கசியும், அதை நம்பித்தான் வேலை. பனிவண்டியில் கம்பு கம்பாகத் தாண்டிப் போனேன். புதுப் பனி வண்டியின் கனத்துக்கு மெல்ல அமுங்கி, எனக்குப் பின்னால் மெல்ல எழுந்து, ஈரத்தோல் முறுக்கப்படுவதுபோல் முனகிக்கொண்டே வந்தது. உப்பும் பெட்ரோலும் கலந்த வாடை முகக்கவசத்துக்குள் உறைந்திருந்தது. கடைசிக்கு முந்தைய கம்புக்கு வந்ததும் அந்த முனகல் நின்றது. கல்மேல் ஏறியதுபோல். வண்டியை அணைத்தேன். காற்றில்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது.

விளக்கைப் பிடித்து ஓரமாக நடந்தேன். வெடிப்பு எதுவும் இல்லை. புதுப் பனி அதைச் சுற்றிலும் நன்றாகக் கடித்துப் பிடித்திருந்தது. நல்ல பாளம், பெரியது. 'ஓரம் உறுதி' என்று எழுதினேன். திரும்பியிருக்கலாம். அந்தப் பக்கம் பனித்தூளுக்கு நடுவே வரிசையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

கடல்நாய்களின் மண்டையோடுகள். ஒரே திசை பார்த்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் தாடைக்குள்ளும் தெளிந்த பனிக்கட்டி ஒரு துண்டு. கொன்ற கடல்நாயின் வாயில் நல்ல தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். கடலில் கிடந்த பிராணிக்கு அதற்குத்தான் தாகம். எண்ணத் தொடங்கினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஓரிரண்டு நாளில் ஒருவன் கொன்று தின்னக்கூடிய எண்ணிக்கை இல்லை அது. ஒரு கோடைக்கானது.

பக்கத்தில் அண்ணனின் ஆரஞ்சு நிறக் கயிறு. அவன் போடும் முடிச்சு.

அப்படியானால் ஜூனில் அவன் சாகவில்லை. ஜூலையில் சாகவில்லை. அம்மா குழந்தையின் காதில் குனிந்தபோது அவன் இங்கே உட்கார்ந்து, கடல்நாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பெயர் போனது தெரியாமல்.

இங்கே நான் வரிசையை விட்டுவிடக் கூடாது.

நான் போன வாரம் வெட்டிய பள்ளத்துக்குப் போனேன். கோடையில் பாளத்தின்மேல் பனி உருகிக் குட்டையாகத் தேங்கும், உப்பில்லாத தண்ணீர். இலையுதிர் காலத்தில் அது கண்ணாடிபோல் மறுபடி உறையும். நான் சாக்கில் அள்ளியது அந்தக் குட்டையை. என் கோடரி விழுந்த தடங்கள் அப்படியே இருந்தன. தூளைக் கையால் தள்ளினேன். விளக்கைத் தாழ்த்தினேன்.

கடைசி வெட்டு விழுந்த இடத்திலிருந்து ஒரு விரல் அகலத்தில் ஒரு வாய்.

திறந்த வாய். குடிக்கக் குனிந்து, பிறகு மல்லாந்தவனுடைய வாய். அதற்குமேல் மூக்கு. பனி பூத்த இமைகள். முன்பற்களில் ஓரம் உடைந்த ஒரு பல்; சின்ன வயதில் நான் சறுக்குவண்டியிலிருந்து தள்ளிவிட்டபோது உடைந்தது. முகம் முழுவதும் நீலத்துக்குள் இருந்தது. வாய்மட்டும் இல்லை. வாய்க்குள் பனி இல்லை. வெறும் குழி. கருப்பு.

அந்தக் குழியின் விளிம்பில் வெடிப்புகள். உதட்டு வெடிப்பு.

கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. 'அமரூக்' என்று வாயெடுத்தேன். வீட்டில் குழந்தை திரும்பிப் பார்ப்பான் என்று நினைப்பு வந்தது. 'அண்ணா' என்று வாயெடுத்தேன். அதுவும் அவனுடையது. என் அண்ணனைக் கூப்பிட என்னிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. தொட்டிலுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம்.

பிளாஸ்கில் வெந்நீர் இருந்தது. மூடியில் ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, அந்த வாயில் விட்டேன். நிரம்பும் என்று நினைத்தேன்.

இறங்கியது.

மறுபடியும் விட்டேன். இறங்கியது. மெதுவாக. மடக்கு மடக்காக. ஒவ்வொரு மடக்குக்கும் நடுவே ஓர் இடைவெளி. அடியிலிருந்து ஒரு சத்தம். தொண்டை.

பிளாஸ்க் காலியாகும்வரை நான் கையை எடுக்கவில்லை. ஏன் ஓடவில்லை என்று தெரியவில்லை. அவன் தாகமாக இருந்தான்.

வண்டியில் இருந்த ரேடியோ கத்தியது. அண்ணி.

"இது பிட்சியூலா. உலாயு, எங்கடி இருக்க? உடனே வா. புள்ளைக்குப் பொறையேறுது. நான் ஒண்ணும் குடுக்கல, சத்தியமா ஒண்ணும் குடுக்கல. வாயிலருந்து தண்ணியா கொட்டுது… வெந்நீரு…"

வீடு வந்து சேர்ந்தபோது குழந்தை அடங்கியிருந்தான். சட்டை முழுதும் நனைந்திருந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தாள். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருந்தவன்கிட்டருந்து எடுத்துட்டேன்" என்றாள். "பேரில்லாமப் போயிருக்கான். பேரில்லாதவன் எங்க போய்ச் சேருவான்?"

"திருப்பிக் குடுத்துடலாம்மா. குழந்தைக்கு வேற பேரு வைக்கலாம். நோவு வந்தா பேரு மாத்துறது வழக்கந்தானே."

"வைக்கலாம்" என்றாள் அம்மா. அவள் குரலில் உறுதி இல்லை.

அண்ணி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இவன் மூச்சே அந்தப் பேருல வந்தது. நீங்கதான காதுல சொன்னீங்க? இப்ப அதப் புடுங்கினா என்ன மிஞ்சும்? அவரையும் குடுத்துட்டேன், இவனையும் குடுக்கணுமா?"

"குடுக்கலேன்னாலும் அங்க கெடக்கிறவன் இவன்கிட்டருந்து குடிச்சுக்கிட்டேதான் இருப்பான்டி" என்றாள் அம்மா.

அம்மா பாத்திரத்தில் மிச்சமிருந்த அந்தப் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்ட எடுத்தாள். கொட்ட மனமில்லாமல் மூடி வைத்தாள்.

இதை எழுதும்போது ரேடியோ கிளிக் என்கிறது. காற்று. "இது…"

தொட்டிலில் குழந்தையின் மூச்சு நிற்கிறது.

அண்ணி அவன் நெஞ்சில் கையை விரித்து வைத்திருக்கிறாள். அவன் கண் திறந்திருக்கிறது. வாயும் திறந்திருக்கிறது. அழவில்லை. யாரோ எதையோ சொல்லி முடிக்கக் காத்திருப்பவன்போல் ரேடியோவையே பார்க்கிறான். பொத்தான் விடுபடும் சத்தம் வந்த பிறகுதான் மார்பு மறுபடி ஏறுகிறது.

ரேடியோவை அம்மா அணைத்துவிட்டாள். வயரையும் பிடுங்கிவிட்டாள்.

கிளிக்.

"இது…"

இந்த முறை மூச்சு வர இன்னும் நேரமாகிறது. அண்ணியின் கை அசையாமல் இருக்கிறது. கையும் ஏறவில்லை. இன்னும் ஏறவில்லை.

ஏறியது.

நாளை செய்ய வேண்டியது: கோடரியைத் தீட்டி, பெரிய சறுக்குவண்டியை ஜேபிட்டி மாமாவிடம் கேட்டு வாங்கி, மதிய வெளிச்சத்துக்குள் அண்ணனை வெட்டி எடுத்து வருவது. அதற்கு முன்னால், குழந்தையிடமிருந்து பெயரை எடுப்பது.