சத்தமில்லாத கட்டில்

“உங்க வீட்டுக்காரர் தூக்கத்துல குறட்டை விடுவாருங்களா?”

டாக்டர் ஆஷிகா கேட்டதும் மிருதுளா திருதிருவென விழித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். தரணீஷுக்கு எந்தப் பல் சொத்தை, எந்தச் சட்டையில் பொத்தான் இல்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இது மட்டும் தெரியவில்லை.

“தெரியாதுங்க டாக்டர். எங்க கட்டில்ல ஒலியுறிஞ்சி இருக்குதுங்க.”

கோயம்புத்தூரில் ஒலியுறிஞ்சி இல்லாத கட்டில் ஏது? தலைமாட்டில் தேங்காய் மூடி அளவில் ஒரு கருவி. கட்டிலைச் சுற்றி எழும் எந்தச் சத்தத்துக்கும் நேர் எதிரான ஒலியலையை அந்த நொடியே அனுப்பி, இரண்டையும் மோதவிட்டு அழித்துவிடும். கல்யாணச் சீரில் மெத்தையோடு அதையும் வைப்பது முப்பது வருட வழக்கம். பெண்ணின் அத்தைதான் முதன்முதலில் அதை இயக்கிவைக்க வேண்டும். “இனி உங்களுக்குள்ள சண்டையே வராது கண்ணு” என்று சொல்லித்தான் மிருதுளாவின் அத்தையும் இயக்கினார்.

“நான் விடுவனுங்க டாக்டர்” என்றான் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்த தரணீஷ். “ஹாஸ்டல்ல என்னைய போர்வெல் வண்டின்னுதான் கூப்புடுவானுங்க.”

“இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லையே மாமா!”

“சொல்லியிருந்தா நீ என்னையக் கட்டியிருப்பியா அம்மிணி?”

டாக்டர் சிரிக்கவில்லை. தரணீஷுக்கு நாற்பத்தாறு வயது. பம்பு தொழிற்சாலையில் ஃபோர்மேன். பீடி, சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, தினமும் நடை. ஆனாலும் இதயத்தின் மூன்று தமனிகளும் அடைத்துக் கிடந்தன. வார்டு முழுக்க இதே போல நாற்பது வயதுக்காரர்கள்.

பேசுவதற்காக அணைத்து வைத்திருந்த அந்தக் கட்டிலின் ஒலியுறிஞ்சியை டாக்டர் கழற்றியே வைத்தார். மதியச் சாப்பாட்டு மயக்கம். பத்து நிமிடத்தில் தரணீஷ் உறங்கிப்போனான். தன் கணவனின் குறட்டையை மிருதுளா முதன்முறையாகக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சட்டென்று குறட்டை நின்றது. நெஞ்சு எழும்பி எழும்பித் தணிந்தது. மூக்கில் காற்று இல்லை. டாக்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு நொடிகள். பிறகு, கிணற்றிலிருந்து தலை தூக்கியவன் போலத் தரணீஷ் திணறி மூச்சை இழுத்தான்.

“தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாய அடைச்சிருது” என்றார் டாக்டர். “ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்குது. ஒடம்பு பதறுது, ரத்த அழுத்தம் எகிறுது. மணிக்கு நாப்பது தடவை, வருசக்கணக்கா. தமனியோட உள்சுவர் எத்தன நாளைக்குத் தாங்கும்? புண்ணாகி, கொழுப்புப் படிஞ்சு அடைச்சுக்குது. அந்தக் காலத்துல, ‘இந்த மனுசன் தூங்க விட மாட்டீங்கறாரு’ன்னு பொண்டாட்டிமாரே சண்ட போட்டு இழுத்துட்டு வருவாங்களாம். இப்ப யாரும் வர்றதில்லைங்க.”

அந்தச் சண்டையைப் போடாமலேயே பத்தொன்பது வருடம் போய்விட்டது.

அறுவை சிகிச்சைக்கு நாற்பது நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் பழைய காலத்துக் கருவி தேவை. கேட்பார் இல்லாததால் அதை இப்போது யாரும் செய்வதில்லை. தரணீஷின் தொழிற்சாலை நண்பர்களே செய்து தருவதாக வரைபடத்தை வாங்கிப் போனார்கள்.

“ஊருக்கெல்லாம் தண்ணி எறைக்கப் பம்பு செஞ்சேன். எனக்குக் காத்து எறைக்க ஒண்ணு இல்ல பாரு” என்றான் தரணீஷ்.

வார்டில் படுக்கை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார்கள். ஆக்ஸிஜன் இறங்கினால் அது அலறும். உடனே அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். “வீட்டு ஒலியுறிஞ்சிய எடுத்துருங்க” என்று டாக்டர் சொன்னார். ஏன் என்று அவரும் விளக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மிருதுளா அதைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பட்டை அலறும், அவனைப் புரட்டுவாள். அலறாத நேரத்தில் அவன் குறட்டை. பத்தொன்பது வருடம் நிசப்தத்தில் தூங்கிப் பழகிய காது அது. ஒரு நாள்கூட அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. பதினேழாம் நாள், நின்றபடியே கண் சொக்கிக் கொதிக்கிற ரசத்தைக் கையில் கொட்டிக்கொண்டாள்.

தரணீஷ்தான் மருந்து தடவினான். “உன்னையக் கொல்றனே அம்மிணி. பட்டைதான் அந்தக் கத்துக் கத்துதே. எங்குறட்டைய மட்டும் நிறுத்திட்டா நீயும் கொஞ்சம் கண்ணயரலாமல்லோ?”

“டாக்டர் வேண்டாம்னுட்டாங்க மாமா. நாளான்னிக்குக் காத்துப் பம்பு வந்துரும். அதுக்கப்புறம் நான் ஒரு வாரம் எந்திரிக்கவே மாட்டேன், பாத்துக்குங்க.”

“சரி சரி, படு.”

முகத்தில் வெயில் பட்டு மிருதுளா கண் விழித்தாள். உடம்பில் வலியே இல்லை. இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று சோம்பல் முறித்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு காகம் வாயைத் திறந்து திறந்து மூடியது.

எதிலும் சத்தம் இல்லை.

தலைமாட்டில் ஒலியுறிஞ்சியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் உறங்கிய பிறகு தரணீஷ் எழுந்து மாட்டியிருக்கிறான். தன் குறட்டையைத்தான் அது விழுங்கும், அந்தக் கத்துக் கத்துகிற பட்டையை விழுங்க முடியாது என்று நினைத்திருக்கிறான். அவன் மணிக்கட்டில் பட்டை சிவந்து சிவந்து துடித்தது. எவ்வளவு நேரமாக அலறிக்கொண்டிருக்கிறதோ.

அவன் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

“மாமா!”

தொண்டை அதிர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் மறுபடியும் கத்தினாள். அவள் கதறல் அவள் காதிலேயே விழவில்லை.