சுவருக்கு இந்தப் பக்கம்

கன்னியப்பன் மேஸ்திரி காலையிலேயே மொபெட்டில் வந்து இறங்கிவிட்டார். முன்னால் சிமெண்ட் மூட்டை, பின்னால் சாந்துச் சட்டியும் கரண்டியும். திருப்புலிவனத்தில் அன்றைக்கு நல்ல வெயில். பயப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லாத காலை அது.

கல்பனா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்து பிள்ளை ஆசை. இப்போதே சத்து மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லி உத்திரமேரூர் டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டு வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். உள்ளே ஒன்றும் இல்லையென்று தெரியும், இருந்தாலும் தொடுவாள். புருஷன் சிவகுமார் பார்த்துவிட்டால் அன்று முழுக்கக் கேலிதான்.

மாமியார் ஆதிலட்சுமியின் அவசரம் வேறு மாதிரி.

"இவ வயித்துல ஒன்னு தங்கிட்டா அப்பறம் வூட்டுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது, செவுத்துல கைய வெக்கக் கூடாது. கொயந்த பொறக்கற வரைக்கும் சும்மா குந்திக்கினு இருக்கணும். அதுக்குள்ள அந்த ரூம அடச்சிக் குடுத்துடு மேஸ்திரி."

அந்த ரூம் என்பது கல்பனா படுக்கும் அறையை ஒட்டிய நெல் அறை. ஜன்னல் கிடையாது; அதன் வாசலும் கல்பனாவின் அறைக்குள்தான் திறக்கும். அதில் நெல் கொட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் மக்கிப்போன உமி வாடையும் நனைந்த செங்கல் வாடையும் வரும். பாம்பு வந்து அடைகிறது என்று மாமியார் சொன்னாள். மூடிவிடுவது நல்லதுதான் என்று கல்பனாவும் நினைத்தாள்.

டீ எடுத்துக்கொண்டு போனபோது மேஸ்திரி கதவைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, கையில் முதல் செங்கல்லோடு நின்றிருந்தார்.

"உள்ள ஒரு அம்மா எதையோ தேடிக்கினு இருந்துச்சே, வெளிய வந்துடுச்சா? கல்லு வெக்கட்டுமா?"

கல்பனா எட்டிப் பார்த்தாள். அறை காலி. பின்பக்கம் மாமியார் வேர்க்கடலையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்க. நீங்க வைங்க."

சாயங்காலத்துக்குள் வாசல் இருந்த இடம் வெறும் சுவராகிவிட்டது.

அடுத்த மாதமே நாள் தள்ளிப்போனது. இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்து கல்பனா அழுதேவிட்டாள். ஆனால் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் லேசாக உதிரம் பட்டது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுத்தே இருக்க வேண்டும். பஸ், வண்டி எதிலும் ஏறக் கூடாது. ஏறினால் குழந்தை தங்காது.

படுத்தாள். கட்டிலைத் திருப்பிப் போட இடமில்லாததால் தலைமாடு அந்தப் புதுச் சுவரை ஒட்டியே இருந்தது. சிவகுமார் ஒரகடத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான். மத்தியானத்தில் தெருவே அடங்கிவிடும்.

கறுக்.

எலியாக இருக்கும்.

கறுக்... கறுக்.

யாரோ வறுத்த கடலையை நிதானமாக, ருசித்துக் கடிப்பது போலிருந்தது. கூடவே நனைந்த செங்கல் வாடை. கல்பனா மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஆதிலட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க மாமாவுக்கு நான் ரெண்டாவது. மொத சம்சாரம் சிட்டம்மா அக்கா. அதுக்குப் புள்ள தங்கவே இல்ல. ஆனா முழுகாம கீறேன், முழுகாம கீறேன்னு சொல்லிக்கினே இருக்கும். மசக்கைன்னு செங்கல்ல ஒடச்சித் துன்னும். எல்லாரும் சிரிச்சாங்க. கடசில அந்த ரூம்ல வெச்சிப் பூட்டிட்டாங்க. அங்கியே போய்ச் சேந்துடுச்சி."

கல்பனாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"சிவகுமாரு என் வயித்துல இருந்தப்ப இதே சத்தம், நான் எங்கம்மா வூட்டுக்கு ஓடிட்டேன். உனக்கு அந்தத் தொல்ல வேணாம்னுதான் முன்னாடியே அடச்சேன். அது உள்ளதான் கீது. நடுவுல செவுரு கீது. பயப்படாத."

அந்த வார்த்தையில் கல்பனாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உள்ளேதான் இருக்கிறது. அப்புறம்தான் மேஸ்திரி கேட்டது நினைவுக்கு வந்தது.

"அத்த, அன்னிக்கு ரூம்குள்ள போயி இன்னா தேடினீங்க?"

"நானா? அந்த ரூம்ல நான் காலே வெச்சதில்ல."

அறை காலியாகத்தான் இருந்தது. அவளே எட்டிப் பார்த்தாளே.

மெல்லக் கழுத்தைத் திருப்பினாள். தலையணைக்குப் பக்கத்தில், சுவரின் புதுப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. செங்கல்லில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

இந்தப் பக்கம்.

"அத்த, செவுத்த இடிச்சிடுங்க. அது திரும்பிப் போவட்டும்."

"வாயக் கயுவு. முழுகாம கீறவ வூட்டுல சுத்தியல எடுத்தா கொயந்தைக்கு ஆவுமா?"

"அப்ப என்னிய எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுங்க."

"வண்டி ஏறுனா தங்காதுன்னு சொல்லிக்கீறாங்களேடி..." மாமியாரின் குரலும் உடைந்துவிட்டது. "இரு. அவனுக்கு போன் போட்டு வரச் சொல்றேன். அசையாம படு."

எழுந்து போனால் பிள்ளை போய்விடும். படுத்திருந்தால் பக்கத்தில் அது. கல்பனா போர்வையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அழுதாள். அழுத களைப்பில் எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

வயிற்றில் மெத்தென்று ஏதோ அழுந்தியது. ஆசையாக, ஒருமுறை தடவியது.

கண்ணைத் திறந்தாள். ஆதிலட்சுமி அறை வாசலிலேயே நின்றுவிட்டிருந்தாள். கையிலிருந்த போனில் சிவகுமார் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் பார்வை கல்பனாவின் வயிற்றில் இருந்தது.

கல்பனா தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் போர்வையைத்தான் பிடித்திருந்தன. மஞ்சள் நைட்டியின் மேல், தொப்புளுக்கு நேராக, செங்கல் தூளில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை.

விரல்கள் அவள் கால் பக்கமாக நீண்டிருந்தன. தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவளின் கை அப்படித்தான் பதியும்.