அக்னஸ் அம்மாளின் மூன்றாவது பிரிண்ட்

ஒரே ஃபைலிலிருந்து போட்ட மூன்று பிரிண்டிலும் அக்னஸ் அம்மாள் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. தேவசகாயம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை.

திண்டிவனத்தில் இருபது வருஷமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். கறுப்பு வெள்ளைப் படங்களை ஒப்பிட அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. லேமினேஷன் மெஷினின் சுட்ட பிளாஸ்டிக் வாடைக்கும், உள்ளே மனைவி அமல்ராணி பாஸ்போர்ட் படங்களைக் கத்தரிக்கும் ஒரே சீரான சத்தத்துக்கும் நடுவே, முதலில் டியூப் லைட்டில், பிறகு வாசல் வெயிலில், கடைசியாகப் படத்திலுள்ள கருவிழியின் மேல் லென்ஸை வைத்துப் பார்ப்பார். கடைப் பிரிண்டர் போட்ட முதலாவது, டியூப் லைட்டில் பச்சை, வெயிலில் ரோஸ். பார்வை தேவசகாயத்தின் தோளைத் தாண்டி எங்கோ போயிற்று. விழுப்புரம் கலர் லேபில் போட்ட இரண்டாவதில் டீ கொட்டியது போல் ஒரு பழுப்பு. பார்வை அவர் காதருகே. மூன்றாவது அன்று காலைதான் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. நிஜமான கறுப்பு வெள்ளைத் தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற கறுப்பு. அதில் அக்னஸ் அம்மாள் நேராக அவரையே பார்த்தார்.

விசேஷம் என்னவென்றால், அக்னஸ் அம்மாள் உயிரோடிருந்த எழுபத்திரண்டு வருஷத்தில் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து மகன் சூசைமுத்து கூப்பிட்டு, சவப்பெட்டியில் கிடத்திய பிறகு தேவசகாயம் எடுத்ததுதான் ஒரே படம். கம்ப்யூட்டரில் மூக்குப் பஞ்சை எடுத்தார், வாய் திறந்துகொள்ளாமலிருக்கக் கட்டியிருந்த தாடைக்கட்டை அவிழ்த்தார், ஆளை நிமிர்த்தி உட்காரவைத்துக் கண்ணைத் திறந்துவிட்டார். இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்களில் இது சகஜம். ஆனால் திறந்த கண் வேறு யாருடையதாவது வேண்டுமே. வாடிக்கையாளரின் கண்ணைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் நேர்மை. அதனால் அமல்ராணியின் பாஸ்போர்ட் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அவளிடம் கேட்கவில்லை. மனைவிதானே.

முதல் பிரிண்ட் போட்ட வாரம் அமல்ராணி ஒரு வாத்தியாரின் காதை வெட்டிவிட்டாள். இரண்டாவது வந்தபோது ஒரு வக்கீலுக்குப் பாதி முகம் போயிற்று. லைட்டு மங்கலாக இருக்கிறது என்றாள். அவர் டியூபை மாற்றினார்.

இப்போது லென்ஸை எடுக்கக் கை நீட்டியபோது, அவர் உள்ளங்கை மூன்றாவது பிரிண்டின் கண்களை மறைத்தது.

"என்னாங்க, கரண்டு பூடுச்சா?" என்று உள்ளிருந்து அமல்ராணி கேட்டாள்.

காலை பதினோரு மணி. வாசல் நிறைய வெயில். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கையை எடுத்தார். "வந்துடுச்சு," என்றாள். மறுபடி மறைத்தார். "இன்னா பேஜாரு இது, வந்து வந்து போவுது."

இரண்டாவதை மறைத்தபோது கண்ணைக் கசக்கினாள். முதலாவதை மறைத்தபோது கத்தரிப்பதை நிறுத்தவே இல்லை. பிரிண்டின் தரம் அப்படி.

அந்த நேரம் பார்த்து சூசைமுத்து வந்துவிட்டான். மறுநாள், இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறைச் சிலுவையில் படத்தைக் கண்ணாடிக்குள் பதிக்கக் கொத்தனார் திருநாள் சாயங்காலம் வருவதாக இருந்தார்.

"இதான் டாப்பு. எடுத்துக்கினு போ," என்று தேவசகாயம் முதலாவதை நீட்டினார்.

"வெளாடறீங்களாண்ணே? பாசி புடிச்ச மாதிரி இருக்குது. எங்கம்மா இன்னா, கொளத்துலயா வுழுந்து செத்துச்சு?" சூசைமுத்துவின் கை மூன்றாவதன் மேல் போய் நின்றது. "இதாண்ணே எங்கம்மா. என்னையே பாக்குது."

"அது வேணாம்பா. மாத்தித் தர்றேன். கண்ணு சரியில்ல."

"கண்ணுலதாண்ணே உசுரே இருக்குது!"

அவர் ஒரு மூலையைப் பிடித்தார். அவன் மறு மூலையை. தாள் லேசாக மடங்கியது.

உள்ளே கத்தரிக்கோல் விழுந்தது. அமல்ராணி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

தேவசகாயம் பிடியை விட்டார். சூசைமுத்து படத்தை நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு பைக்கில் கிளம்பினான். துரத்தலாம். துரத்திப் போய் என்ன சொல்வது?

"மறுபடி பூடுச்சு," என்றாள். "எப்பங்க வரும்?"

வரவில்லை. கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். ஃபைலை அழிக்க தேவசகாயத்துக்குக் கை வரவில்லை. கூடவே எது அழியுமோ.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கட்டிலில் உட்கார்ந்திருந்த அமல்ராணி சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துடுச்சுங்க! எவ்ளோ மெழுகுவத்தி! சாமியார் தீர்த்தம் தெளிக்கிறாரு."

அவள் கன்னத்தில் நீர்த்துளிகள் தெறித்தன. வீடெங்கும் மெழுகு வாசனை. ஈரமண்.

"அமலு. என்னப் பாரு."

பார்க்கவில்லை. "எல்லாரும் கெளம்பறாங்க. யாரோ கீழருந்து இடிக்கிறாங்க என்னை."

"யாரு?"

அமல்ராணி கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். "பாவம், வயசானவங்க. நவுரும்மா, நானும் பாக்கணும்ங்கறாங்க."

அவர் குனிந்தார். அவள் கருவிழிகளில் ஊசிமுனைச் சுடர்கள். வரிசையாக. ஒன்று அணைந்தது. இன்னொன்று. கடைசியும்.

கறுப்பு. கிணற்றுக் கறுப்பு.

அந்தக் கண்கள் மெல்லத் திரும்பின. நேராக அவரையே பார்த்தன.

"தம்பி," என்றாள் அமல்ராணி. "தாடக்கட்ட ஏம்பா அவுத்த?"

கேட்டு முடித்தும் வாய் மூடவில்லை. தாடை மட்டும் மெல்ல, தானாக, கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.