சோமனூர்க்காரர் வயிற்றில் இரண்டாவது நிழல்

காலை பத்தேகால். கோவையில் ஒரு மருத்துவமனை. சி.டி. அறைத் திரையில் அப்புசாமியின் பெருங்குடல் தெரிந்தது. கீழே இருந்த புற்றுக்கட்டி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது வழியை அடைத்ததால் குழாய்க் கேமரா மேலே போகவில்லை; அதற்காகவே காற்றைச் செலுத்தி இந்தப் படம். மேலே, வலப்பக்கத்தில், நெல்லிக்காய் அளவில் இன்னொரு நிழல்.

"இதுவும் கட்டின்னா குடல் முழுசையும் எடுக்கணும். நாளன்னைக்கு ஆபரேஷன். முடிவைச் சொல்லுங்க," என்றார் அறுவை மருத்துவர் தமிழ்வேந்தன்.

ஸ்கேன் மருத்துவர் பிரத்யுஷா லேசில் எதையும் நம்புகிறவர் அல்ல. மல்லாந்து எடுத்த படத்தில் நிழல் பின்பக்கம் இருந்தது. குப்புறப் படுத்ததும் முன்பக்கம் வந்துவிட்டது. தின்ற சோற்றின் மிச்சம் இப்படி உருளும். ஆனால் காம்புள்ள கட்டியும் இப்படி ஆடும். ஆகக் கேள்வி ஒன்றுதான்: குடலைக் கழுவக் கொடுத்த பேதி மருந்துக்குப் பிறகு இந்த மனிதர் எதையாவது தின்றாரா?

"பச்சத்தண்ணி தவுர ஒண்ணுமில்லீங்க," என்றார் அப்புசாமி. சோமனூரில் தறி ஓட்டுகிறவர்; முகத்தில் அப்படியொரு அப்பாவித்தனம்.

மனைவி கனகம் வெளியே பெஞ்சில் இருந்தார். பிரத்யுஷா அவரிடம் போனார்.

"ஊட்டுல அவரு ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?"

"இல்லீங்க." கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது.

"நீங்க?"

"அவரு திங்காம நான் ஒரு வாய் வெச்சதில்லீங்க. கண்ணாலமான நாள்ல இருந்து."

"களைச்சுத் தெரியறீங்களே. சக்கரை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. நேத்து ராத்திரிகூட மாத்திரை போட்டனுங்க. சோறு உண்டுபோட்டுத்தான் போடோணும். அதுல ஒருநாளும் தப்பமாட்டனுங்க."

பிரத்யுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்.

"அம்மணி சோறுண்டு போட்டுத்தான் மாத்திரை போடுவாங்க. நேத்து ராத்திரி போட்டாங்க. ஐயா திங்காம அம்மணி திங்கமாட்டாங்க. அப்ப திருட்டுத்தனமாச் சாப்பிட்டது யாருங்க?"

அப்புசாமி தலைகுனிந்தார். "நான் மருந்து குடிச்சுப்போட்டுக் கெடக்கறேன், இவ பட்டினி. சக்கரை எறங்கி இவ கை கிடுகிடுன்னு நடுங்குச்சுங்க. எவ்வளவு சொல்லியும் கேக்கல. ரெண்டு வாய் அரிசிம்பருப்புச் சோறு நான் தின்னப்பறந்தான் தட்டுல கை வெச்சாளுங்க."

"குத்தவாளி நாந்தாங்க," என்று கனகம் அழுதேவிட்டார்.

இருந்தாலும் ஊகத்தை நம்பிக் கத்தி எடுக்க முடியாது. அன்று மறுபடி பேதி மருந்து. இந்த முறை கனகம் முதலில் சாப்பிட்டார், பிரத்யுஷா பக்கத்திலேயே நின்றார். மறுநாள் மறுபடி படம். நெல்லிக்காய் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. கட்டி ஒன்றே ஒன்று, ஒரு சாண் குடலோடு முடிந்துவிடும் என்றார் தமிழ்வேந்தன்.

கனகம் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புசாமிக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, ஆபரேஷன் அன்னிக்கு நான் மயக்கத்துல கெடப்பனுங்க. இவ சாப்பிட்டாளான்னு யாருங்க பாப்பாங்க?"

பிரத்யுஷா கனகத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அம்மணி திங்காம அன்னிக்கு நானும் ஒரு வாய் வெக்கமாட்டனுங்க," என்றார்.