குண்டூசிக்கு என்ன வேண்டும்?

வகுப்பில் வாண்டுவின் வரிசைக்குக் கிடைத்த ஆங்கில வினைச்சொல் ‘எக்விப்’. ஒரு வேலைக்குக் கிளம்புகிறவருக்குத் தேவையான சாமான்களைக் கொடுத்துத் தயார்செய்வது என்று டீச்சர் பொருள் சொல்லியிருந்தார். மறுநாள் அதை வாயே திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும். மற்ற வரிசைகள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“யாரைத் தயார்செய்யறது?” என்று கேட்டாள் வாண்டு.

எல்லாரும் குண்டூசியைப் பார்த்தார்கள். ஒல்லியாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“நான் வரலப்பா. நான் எது செஞ்சாலும் எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“நீ சும்மா நின்னா போதும்டா. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. நான் பொறுப்பு,” என்றாள் வாண்டு. வாக்குக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளே கிடையாது.

மறுநாள் முதல் வரிசை, வகுப்பின் மூலையில் மேசையும் நாற்காலியும் பூச்சாடியும் வைத்து ஓர் அறையை உருவாக்கியது. “ஃபர்னிஷ்!” என்று அந்த வரிசையின் சொல்லை வகுப்பு சட்டென்று சொல்லிவிட்டது.

அடுத்து வாண்டுவின் வரிசை. ஆளுக்கு ஆள் வீட்டையே காலி செய்துகொண்டு வந்திருந்தார்கள். ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, மழைக்கோட்டு, காலில் கிரிக்கெட் பேடு, தோளில் கயிறு, கையில் குடை. பாவம், உள்ளே குண்டூசி இருக்கிறானா என்றே தெரியவில்லை. ஓர் அடி வைத்தான். பேடுகள் மோதிக்கொண்டன. தொப்பென்று விழுந்தான்.

“பழைய சாமான் கடை!” என்று ஒருவன் கத்தினான். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நீச்சல் கண்ணாடிக்குள் குண்டூசியின் கண்கள் கலங்கின. வாண்டுவுக்குச் சுருக்கென்றது. இத்தனை சாமான் கொடுத்தோமே, எங்கே போகப்போகிறாய் என்று இவனை ஒரு வார்த்தை கேட்டோமா?

அவள் ஓடிப்போய் எல்லாவற்றையும் கழற்றினாள். ‘நீ எங்கே போகணும்?’ என்று கையாலேயே கேட்டாள்.

குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு பீரோவின் உச்சியைக் காட்டினான். அங்கே ஓர் இறகுப்பந்து யாருக்கும் எட்டாமல் உட்கார்ந்திருந்தது.

வாண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒட்டடைக் குச்சியை எடுத்துக் கொடுத்தாள். அவன் தும்முவதுபோல் நடித்துக் காட்டினான். அட, தூசி! உடனே தன் கைக்குட்டையை அவன் மூக்கைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

“எக்விப்! எக்விப்!” வகுப்பு அலறியது.

குண்டூசி ஏறி நின்று ஒரு தட்டுத் தட்டினான். இறகுப்பந்து விழுந்தது. அதன் பின்னால் ஒரு டென்னிஸ் பந்து, ஒரு ஷூ, அப்புறம் டீச்சர் ஊரெல்லாம் தேடிய கரும்பலகைத் துடைப்பான். கைதட்டல் காதைப் பிளந்தது.

“போதும்டா, இறங்கு,” என்றார் டீச்சர்.

“இருங்க டீச்சர்! வேற யாருக்கெல்லாம் என்ன காணோம்? வரிசையா வந்து சொல்லுங்க!”

வகுப்பு மறுபடியும் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் குண்டூசிதான்.